வாத்தியத்தில் இல்லாத சுரம்

குருவைத் தேடி வந்த சீடருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

சீடர் பெயர் அருமைநாயகம். கல்யாண ஊர்வலங்களில் சாக்ஸஃபோன் வாசிக்கிறவர். மாப்பிள்ளைக் காருக்கு முன்னால், தொப்பியும் ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு நடந்துபோகிற வரிசையில் ஒருவர். அன்றும் ஒரு முகூர்த்தத்தை முடித்துக்கொண்டு கோட்டோடு நேராக வந்திருந்தார்.

குரு பெயர் யூனிஸ். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. பியானோ வாசிக்கிறவர். சென்னையில் ஜாஸ் தெரிந்தவர்களைக் கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். தெரியாதவர்களே அதிகம் என்பதால் அவர் நிம்மதியாக இருந்தார்.

ரயில்வேக்காரர்கள் ஒரு காலத்தில் ஆடுவதற்காகக் கட்டிய பழைய மண்டபம் ஒன்றில் அவருடைய குழு காலை நேரங்களில் ஒத்திகை பார்க்கும். அருமைநாயகம் அங்கே போய் வாசலில் நின்றார்.

"என்ன வேணும்?" என்றார் யூனிஸ்.

"ஒரு சுரம் வரமாட்டேங்குது, மிஸ்."

"ஒண்ணுதானா? கொடுத்து வெச்சவர் நீங்க. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. பெட்டியைத் திறந்தார். வாத்தியத்தை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். ரீட் என்கிற நாணல் பட்டையை நாக்கில் நனைத்து ஊதுமுனையில் பொருத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

'ஹார்பர் லைன்' வாசித்தார்.

அது ஹெக்டர் ரெபெய்ரோவின் உருப்படி. ரெபெய்ரோ பம்பாய் ஹோட்டல்களில் சாக்ஸஃபோன் வாசித்தவர். ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்க, அவர் வாசித்ததை அங்கேயே வைத்துப் பதிவு செய்து ஒரே ஒரு ரெக்கார்டு வெளியிட்டார்கள். பிறகு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஜாஸில் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றி வருவார்கள். சுற்று அதேதான். ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் கட்டுகிற கட்டடம் வேறு.

அருமைநாயகம் இரண்டு சுற்று வாசித்தார். மூன்றாவது சுற்றில் சுருதி அரைக்கட்டை ஏறியது. கூடவே வேகமும் ஏறியது. ஐந்தாவது சுற்றில் இன்னொரு அரைக்கட்டை. கடைசிச் சுற்று முடிகிற இடத்தில், எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு சுரம் இருந்தது. அதற்காக அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார்.

வாத்து கத்தியது போல ஒரு சத்தம் வந்தது.

"இதுதான் மிஸ்." வாத்தியத்தை இறக்கினார். "இருபது வருஷத்துக்கு மேல ஆகுது. எப்பவாவது ஒருநாள் வரும், மறுநாள் இருக்காது. இந்த வாத்தியத்துல அந்தச் சுரமே கிடையாது. அதுக்குன்னு அழுத்த ஒரு சாவி வெக்கல. நானா விரலை மாத்தி மாத்திப் பார்த்து, உதட்டைக் கடிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்கேன். கீழ்வீட்டுக்காரங்க மாடில வாத்து வளக்குறீங்களான்னு கேட்டுட்டாங்க. ரெபெய்ரோ என்ன சுளுவா எடுக்குறாரு! பூப்பறிக்கிற மாதிரி."

யூனிஸ் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"இதை எங்க கேட்டீங்க?"

அருமைநாயகம் சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். ஓரமெல்லாம் தேய்ந்து, செல்லோ டேப் ஒட்டி, பல் விழுந்த கிழவர் மாதிரி இருந்தது.

"டிரம்பெட் வாசிக்கிற ஒருத்தர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினாரு. சாமானெல்லாம் கட்டியாச்சு. கடைசியா ஒரு தடவை ரெக்கார்டைப் போட்டுக் காட்டினாரு. நான் பதிவு பண்ணிக்கிட்டேன். மறுநாள் அவரும் போயிட்டாரு, ரெக்கார்டும் போயிடுச்சு."

"ரிக்கார்டர் எதுல ஓடிச்சு? கரண்டுலயா?"

"இல்ல மிஸ். அந்த ரூம்ல ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதை ரெக்கார்டு பிளேயர் எடுத்துக்கிச்சு. எதுத்தாப்பல ஒரு வாட்ச்மேன் இருந்தாரு. அவரு டார்ச்சுல இருந்த பேட்டரியக் கெஞ்சி வாங்கிட்டு வந்து போட்டேன்."

"புது பேட்டரியா?"

"வாட்ச்மேன் பேட்டரி என்னைக்கு மிஸ் புதுசா இருந்திருக்கு?"

யூனிஸ் கேசட்டை வாங்கிப் போட்டுக் கேட்டார். முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியதை அருமைநாயகம் பார்த்துவிட்டார். முகம் சுண்டிப்போனது.

"ரொம்ப மோசமா, மிஸ்?"

"நாளைக்குக் காலையில வாங்க, மிஸ்டர் நாயகம். அந்தச் சிவப்புக் கோட்டு வேண்டாம்."

*

மண்டபத்தில் அடுத்த மாதம் ஒரு கச்சேரி இருந்தது. அதை அங்கேயே பதிவு செய்து ரெக்கார்டாக வெளியிடுவதாக ஏற்பாடு. இந்த நேரம் பார்த்துக் குழுவின் சாக்ஸஃபோன்காரர் கப்பலில் வாசிக்கும் வேலை கிடைத்துப் போய்விட்டார். பெங்களூரிலிருந்து ஒருவரை வரவழைக்கலாம் என்று டிரம்ஸ் வாசிக்கிற ஷம்சு சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் யூனிஸ் ஒரு கல்யாண பேண்டுக்காரரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்.

"வாங்க அண்ணாத்தே," என்றான் ஷம்சு. "பொண்ணு எங்க?"

"பொண்ணு மேக்கப்புல இருக்கு தம்பி. முதல்ல மாப்ள வந்திருக்கேன்," என்றார் அருமைநாயகம்.

ஷம்சுவுக்கு ஆளைப் பிடித்துவிட்டது. வாசிப்பைப் பற்றி இன்னும் சந்தேகம்தான்.

"கச்சேரியில ஹார்பர் லைன் உங்களுது," என்றார் யூனிஸ்.

"வேண்டாம் மிஸ். மத்ததெல்லாம் பின்னால நின்னு வாசிக்கிறேன். ஹார்பர் லைனை, அந்தச் சுரம் ரெபெய்ரோ மாதிரியே வர வரைக்கும் நாலு பேர் முன்னால வாசிக்கிறதில்லன்னு வேளாங்கண்ணியில வேண்டிக்கிட்டிருக்கேன்."

"மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். ஆரம்பிங்க."

ஆரம்பித்தார்கள். இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. மூன்றாவதில் அருமைநாயகம் ஏறினார். மற்றவர்கள் கீழேயே நின்றார்கள். சந்தைக்கடையில் லாரி புகுந்த மாதிரி ஆனது.

ஷம்சு குச்சியைக் கீழே வைத்தான். "அண்ணாத்தே, ஸ்டாப்பிங்ல எறங்காம எங்க போயினே இருக்கீங்க?"

பேஸ் கிட்டார் வாசிக்கிற வரதன், "நான் இன்னும் பழைய ஊர்லயேதான் நிக்கிறேன்," என்றான்.

"ரெபெய்ரோ அங்க ஏறுவாரு தம்பி. மொத்த பேண்டும் அவரோட ஏறும். ஒரு சைகை கிடையாது, ஒரு குரல் கிடையாது. அப்படியே தரை எழும்புற மாதிரி." அருமைநாயகம் யூனிஸ் பக்கம் திரும்பினார். "எனக்கு அதுதான் மிஸ் புரியவே இல்ல. அவங்களுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?"

யூனிஸ் எழுந்தார்.

"இங்க வெக்கையா இருக்கு. பியானோவை அந்த ஜன்னல்கிட்ட வெக்கணும்."

சுவரோடு ஒட்டி வைக்கிற சின்னப் பியானோதான். ஆனால் வழியில் மரத்தரையின் பலகை ஒன்று எழும்பி நின்றது. உருட்டிக்கொண்டு போக முடியாது. நான்கு பேரும் நான்கு மூலையில் குனிந்தார்கள். தூக்கினார்கள். பலகையைத் தாண்டி வைத்தார்கள். ஜன்னல்வரை தள்ளினார்கள்.

"இப்ப, தூக்குன்னு சொன்னது யாரு?" என்றார் யூனிஸ்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் சொல்லல," என்றான் வரதன். "ஷம்சு மூச்சை இழுத்தான். தூக்கிட்டேன்."

"நான் அண்ணாத்தே முட்டியைப் பார்த்தேன்," என்றான் ஷம்சு.

"நான் யாரையும் பார்க்கலியே," என்றார் அருமைநாயகம்.

யூனிஸ் பியானோ முன்னால் உட்கார்ந்தார். "ரெண்டாவது சுத்து முடியற இடத்துல இருந்து."

அன்றைக்கும் உடைந்தது. மறுநாளும் உடைந்தது. டீ ஆறியது, வடை ஆறியது, ஷம்சு இரண்டு தடவை பெங்களூர் ஆளின் பெயரை எடுத்தான். ஒருநாள் காலை, யாரும் எதிர்பார்க்காத ஒரு நொடியில் நான்கு பேரும் சேர்ந்து அரைக்கட்டை எழும்பினார்கள். ஷம்சுவுக்கு வந்த அதிர்ச்சியில் குச்சி கைநழுவிப்போனது. வெறுங்கையால் அடித்து அந்தச் சுற்றை முடித்தான்.

"இன்னா மிஸ் இது!" என்றான். "லிஃப்ட்ல ஏறின மாதிரி கீது."

அதற்குப் பிறகு அவன் பெங்களூரைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் கடைசிச் சுரம் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் வாத்து.

"மிஸ், ஒரு வழி சொல்லுங்க."

"எனக்கு ஊதத் தெரியாது."

"குருன்னா ஏதாவது சொல்லணும்ல?"

"ஈர ரீடைப் பாக்கெட்ல போடாதீங்க."

"ரெபெய்ரோ மாதிரி என்னைக்கு மிஸ் வாசிப்பேன்?"

யூனிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. பிறகு டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"டீ ஆறுது."

*

கச்சேரியன்று மத்தியானம். அருமைநாயகம் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு மண்டபத்துப் படியேறினார்.

உள்ளேயிருந்து சாக்ஸஃபோன் சத்தம் வந்தது. ஹார்பர் லைன்.

பெங்களூர்க்காரனைக் கூட்டி வந்துவிட்டார்கள்.

படியிலேயே நின்று கேட்டார். நல்ல வாசிப்புதான். சுத்தமான சுரம். ஆனால் என்ன சோம்பல்! சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடப் போகிறவன் மாதிரி. மூன்றாவது சுற்று வந்தது. ஏறவில்லை. அட, ஏறத் தெரியாதவனையா பிடித்து வந்தார்கள்? ஐந்தாவது வந்தது. அப்போதும் ஏறவில்லை. கோபம் தலைக்கேறி உள்ளே போனார்.

மேடையில் ஒருவரும் இல்லை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. பதிவு செய்ய வந்திருந்த பெண் காதில் ஹெட்ஃபோனோடு ஏதோ திருகிக்கொண்டிருந்தாள். வரதன் ரெக்கார்டின் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அட்டையில் ஹெக்டர் ரெபெய்ரோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே! உங்க ஆளுதான். ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ண ஏதாவது ரெக்கார்டு எடுத்துட்டு வான்னு மிஸ் சொன்னாங்க. அவங்க அலமாரியில துணி சுத்தி வெச்சிருந்தது. பழைய காலத்துச் சரக்கு, இல்ல?"

கடைசிச் சுரம் வந்தது. அது வாத்தியத்தில் இருக்கிற சுரம். மேல்சாவியை அழுத்தினால் வந்துவிடும். ஊர்வலத்தில் நடந்துகொண்டே, பட்டாசுப் புகையை விழுங்கிக்கொண்டே அருமைநாயகம் ஆயிரம் தடவை ஊதியது. அதற்குப் பின்னால் சாப்பாட்டு மேசைகளிலிருந்து கொஞ்சம் கைதட்டல். யாரோ ஒரு கரண்டியைக் கீழே போட்டார்கள். ரெக்கார்டு முடிந்தது.

"ஏம்மா, இது சரியான வேகத்துலதான் ஓடுதா?"

"சரியாத்தான் சார் ஓடுது. இப்பதான் செக் பண்ணேன்."

"பேட்டரி தீந்துபோற நேரத்துல ஒரு டேப் ரிக்கார்டர்ல இதைப் பதிவு பண்ணினா என்னம்மா ஆகும்?"

அவள் ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள். "பதிவாகும்போது டேப் வரவர மெதுவா ஓடும். அப்புறம் நல்ல மெஷின்ல போட்டுக் கேட்டா வரவர வேகமாக் கேக்கும் சார். சுருதியும் மேல மேல ஏறிக்கிட்டே போகும். ஏன் சார்?"

"ஒண்ணுமில்லம்மா."

மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

ரெபெய்ரோ ஏறவில்லை. அவர் பேண்டும் ஏறவில்லை. சைகையும் இல்லை, மாயமும் இல்லை. பேட்டரி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பேட்டரி சாவதை நெட்டுருப் போடுவதற்காக மொட்டை மாடியில் இத்தனை வருஷம் நின்றிருக்கிறார்.

யூனிஸ் தையல்காரரிடமிருந்து வாங்கிவந்த உடுப்பைக் கையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ரெக்கார்டைப் பார்த்தார். அருமைநாயகத்தைப் பார்த்தார். உடுப்பை நாற்காலியில் வைத்தார்.

"முதல்நாளே தெரியுமா, மிஸ்?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"அன்னைக்கே நிறுத்தியிருப்பேன்."

யூனிஸ் பியானோ மூடியைத் திறந்தார். "ஷம்சு, வரதா, வாங்க. மிஸ்டர் நாயகம், ரெக்கார்டுல எப்படி இருக்கோ அப்படியே வாசிங்க. ஏற வேண்டாம். வேகம் வேண்டாம்."

வாசித்தார். ரெக்கார்டை அந்தக் காலத்தில் ஒரு தடவை, இன்றைக்கு ஒரு தடவைதான் கேட்டிருந்தார், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அதுதானே. மலையேறிப் பழகின கால் சமதரையில் நடப்பது போல விரல்கள் நடந்தன. கடைசிச் சுரம் கூப்பிட்டவுடன் வந்து கைக்குள் உட்கார்ந்தது.

பதிவு செய்கிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். "சார், கண்ணை மூடினா எது ரெக்கார்டு, எது நீங்கன்னே தெரியல!"

"அண்ணாத்தே, ஜெயிச்சிட்டீங்க," என்றான் ஷம்சு. "ரெபெய்ரோ மாதிரியே வந்துட்ச்சு. மாதாவுக்கு இன்னா வேண்டுதலோ, போய் முடிச்சுட்டு வந்துருங்க."

அருமைநாயகம் வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. கல்யாண வீட்டில் சாப்பிடாமல் கையலம்பிக்கொண்டு எழுந்ததுபோல் இருந்தது.

"சாயங்காலம் எதை மிஸ் வாசிக்கிறது? ரெக்கார்டையா, டேப்பையா?"

"எனக்கு முதுகைக் காட்டி நில்லுங்க," என்றார் யூனிஸ். "உங்க மூச்சு கேட்டாப் போதும்."

*

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் பழைய கோட்டுகளைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். விசிறியோடு சில அம்மாக்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டம். எல்லாருக்கும் பின்னால், ஓர் ஊர்வலத்தை முடித்துக்கொண்டு கோட்டைக் கழற்ற நேரமில்லாமல் ஓடிவந்த கல்யாண பேண்டுக்காரர்கள் சிவப்பாக நின்றார்கள். பெரிய டிரம்மை வெளியே வைக்க மனமில்லாமல் உள்ளேயே தூக்கி வந்திருந்தார்கள்.

மற்ற உருப்படிகள் முடிந்தன. கைதட்டினார்கள். நல்ல கச்சேரி என்று தலையாட்டினார்கள்.

ஹார்பர் லைன் ஆரம்பித்தது.

அருமைநாயகம் பியானோவுக்கு முதுகைக் காட்டி நின்றார். முதல் சுற்று. ரயில்வேக்காரர்களில் ஒருவர் மெட்டை அடையாளம் கண்டுபிடித்துப் பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். இரண்டாவது சுற்று. எல்லாம் பத்திரமாக இருந்தது. இப்படியே கீழே இருந்துவிட்டால் கடைசிவரை பத்திரம்தான். ரெக்கார்டு மாதிரியே இருக்கும். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பதிவாகிக்கொண்டிருக்கிறது, என்றைக்கும் நிற்கப்போகிறது. இதில் வாத்து கத்தினால் வாத்தும் நிற்கும்.

இரண்டாவது சுற்று முடியப்போனது.

அந்த வாட்ச்மேன் ஞாபகத்துக்கு வந்தார். பேட்டரியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கு அந்த மனுஷர் இருட்டில்தான் சுற்றி வந்திருப்பார்.

அருமைநாயகம் மூச்சை இழுத்தார்.

பின்னால் மூன்று பேரும் மூச்சை இழுப்பது அவருக்குக் கேட்டது. தூக்கு என்று யாரும் சொல்லவில்லை. மண்டபத்தின் தரை அரைக்கட்டை எழும்பியது.

முன்வரிசையில் விசிறிகள் நின்றன. கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன், "டேய்!" என்றான். ஷம்சு பின்னாலிருந்து துரத்த, வரதன் கீழேயிருந்து முட்டுக்கொடுக்க, நான்காவது சுற்றில் அருமைநாயகம் ஓட ஆரம்பித்தார். ஐந்தாவதில் இன்னொரு தடவை தரை எழும்பியது. இந்தத் தடவை உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். எதற்காக எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. யூனிஸ் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அடுப்பில் பொங்குகிற பாலைத் துழாவுகிறவர் மாதிரி இரண்டு கையாலும் வாசித்தார்.

கடைசிச் சுற்று. கடைசிப் படி. அதற்கு மேலே சாவி கிடையாது.

விரல்கள் தங்களுக்கு மட்டும் தெரிந்த அந்தக் குறுக்கு வழியில் போய் நின்றன. உதடு இறுகியது.

வந்தது.

முழுசாக வந்தது. மெல்லிசாக, கண்ணாடிபோல, உடையாமல் வந்தது. அருமைநாயகம் அதை விடவில்லை. மண்டபத்துக் கூரையில் குடியிருந்த புறாக்கள் படபடவென்று கிளம்பிச் சுற்றின. அவர் இன்னும் விடவில்லை. ஷம்சு எல்லாத் தட்டுகளையும் ஒரேயடியாக அடித்து முடித்தபிறகுதான் விட்டார்.

தட்டுகளின் அதிர்வு அடங்கியது.

பிறகு பெரிய டிரம் இடித்தது. பேண்டுக்காரன் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. சிவப்புக் கோட்டுக்காரர்கள் தொப்பிகளை மேலே எறிந்தார்கள். விசில் பறந்தது. ரயில்வேக்காரர்கள் தடியால் தரையை இடித்தார்கள். "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று மண்டபமே கத்தியது.

"இன்னொரு தடவை வருமா அண்ணாத்தே?" என்றான் ஷம்சு, முகமெல்லாம் வேர்வையாக.

"வரும்டா," என்றார் அருமைநாயகம்.

வந்தது.

*

கூட்டம் கலைய வெகுநேரம் பிடித்தது. ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு மேடைப்பக்கம் வந்தார்.

"தம்பி, என்கிட்ட ரெபெய்ரோ ரெக்கார்டு இருக்கு. பம்பாய்க்கு டூட்டில போனப்ப நேர்லயும் கேட்டிருக்கேன். இந்த வாசிப்பு எந்த ரெக்கார்டுல இருக்கு? எனக்குத் தெரியாம எப்ப வந்தது?"

அருமைநாயகம் ஷம்சுவைப் பார்த்தார்.

"இனிமேதான் சார் வரும்," என்றான் ஷம்சு. "வந்ததும் வாங்கிக்குங்க."

விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். அருமைநாயகம் வாத்தியத்தைத் துடைத்தார். ரீடைக் கழற்றிப் பையில் போடப்போனவர், நினைவு வந்து அதன் டப்பாவில் வைத்தார். சட்டைப் பையில் கேசட் தட்டுப்பட்டது. எடுத்து விளக்கடியில் பார்த்தார்.

"மிஸ்."

"ம்."

"இருபது வருஷத்துக்கு மேல ஒருத்தர் பின்னாலேயே ஓடினேன். அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு மத்தியானம் தெரிஞ்சுபோச்சு. அப்ப நான் இத்தனை நாள் யாரு மிஸ் பின்னால ஓடினேன்?"

யூனிஸ் பியானோ மூடியைச் சாத்தினார்.

"பேர் தெரியாது, மிஸ்டர் நாயகம். நானும் அவரை இன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேட்டேன்."